குழியானை வளர்ந்தால் தட்டான் ஆகுமா? முழு உருமாற்றப் பூச்சிகளை எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

மணல்குழி

ஒரு கண்ணாடி ஜாடியில் நாலு விரல் உயரத்துக்குப் பொடிமணல் போட்டு மூன்று குழியானைகளை வளர்த்து வருகிறேன். மூன்றும் ஒழுங்காகக் குழி தோண்டி, நான் போடும் எறும்புகளைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தன. அவற்றில் பெரியது நாலு நாளாகக் குழியே போடவில்லை. செத்துவிட்டதோ என்று மணலை மெதுவாகத் துழாவினால் ஓர் உருண்டை கையில் தட்டுப்பட்டது. பட்டாணி அளவு, வெளியே முழுக்க மணல் ஒட்டியிருக்கிறது. கூடு கட்டிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

அதிலிருந்து இரண்டு குழப்பம். சின்ன வயதிலிருந்து "குழியானைதான் வளர்ந்து தட்டானாகும்" என்று கேட்டே வளர்ந்தவன் நான். தட்டானுக்குக் கூட்டுப்புழுப் பருவமே இல்லை, அது தண்ணீரில் வளர்வது என்றும் படித்திருக்கிறேன். இரண்டும் எப்படிச் சரியாகும்?

இரண்டாவது, முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நாலு பருவம் இருந்தால் முழு உருமாற்றம் என்று புத்தகம் சொல்கிறது. அதே புத்தகத்தில் பத்துப் பக்கம் தள்ளி, இலைப்பேன் (த்ரிப்ஸ்) மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது என்று இருக்கிறது. ஆனால் இலைப்பேனை முழு உருமாற்றப் பட்டியலில் சேர்க்கவில்லை. அச்சுப்பிழையா, எனக்குத்தான் புரியவில்லையா?

கண்ணாடிச்சிறகு

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஜாடிக்குள் ஒரு சொரசொரப்பான குச்சியை இப்போதே செங்குத்தாக நட்டு வையுங்கள். வெளியே வந்த பூச்சி எதையாவது பற்றி ஏறித் தொங்கினால்தான் சிறகு ஒழுங்காக விரியும். வழவழக் கண்ணாடியில் ஏற முடியாமல் சிறகு சுருங்கியபடியே காய்ந்துபோனவற்றை நான் பார்த்திருக்கிறேன். குச்சி வைக்காதது என் தப்புதான்.

குழியானை தட்டானாவதில்லை. தட்டானைப் போலத் தோன்றும் ஒன்றாகிறது, அவ்வளவுதான். நீண்ட உடல், வலைப்பின்னல் சிறகு என்று தூரத்தில் பார்த்தால் ஊசித்தட்டானேதான். கிட்டே போய்த் தலையைப் பாருங்கள். தட்டானின் உணர்கொம்பு மயிரிழை போலக் குட்டையாக இருக்கும், தேடினால்தான் தெரியும். குழியானையின் முதிர்பூச்சிக்கு அது நன்றாக நீண்டு, நுனி தடித்துக் கதாயுதம் போல இருக்கும். உட்காரும்போது சிறகுகளைக் கூரைபோல உடலின் மேல் சாய்த்து வைத்துக்கொள்ளும். பறப்பதிலும் தட்டானின் விசை இருக்காது, ஏதோ காகிதம் தடுமாறுவது போலத்தான் பறக்கும்.

பழைய_ஏடு

மணல்குழி, நீங்கள் நல்ல ஆள் துணையோடுதான் குழம்பியிருக்கிறீர்கள். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1758இல் பூச்சிகளை ஏழு வரிசைகளாக, அதாவது பெரும்பிரிவுகளாகப் பிரித்தபோது அவர் கையிலிருந்த அளவுகோல் சிறகுதான். நரம்புகள் பின்னிய நான்கு சிறகு உள்ளவை எல்லாம் நியூரோப்டெரா. ஆகவே தட்டான், ஈசல்போல ஒருநாள் வாழும் மேஃபிளை, குழியானையின் இனம் எல்லாம் ஒரே பெட்டிக்குள் விழுந்தன. சிறகே இல்லாதவை ஆப்டெரா. அந்தப் பெட்டியில் தெள்ளுப்பூச்சியும் பேனும் மட்டுமல்ல, சிலந்தியும் நண்டும்கூட இருந்தன!

வேடிக்கை என்னவென்றால், அவருக்கு 89 ஆண்டுகள் முன்னமே, 1669இல், ஸ்வாமர்டாம் என்ற டச்சுக்காரர் பூச்சிகளை வளரும் விதத்தை வைத்துப் பிரித்துக் காட்டியிருந்தார். கம்பளிப்புழுவைப் பிளந்து, அதன் தோலுக்குள்ளேயே வருங்காலச் சிறகும் காலும் மடிந்து கிடப்பதைக் கண்டவர் அவர். அதுவரை புழு ஓர் உயிர், பட்டாம்பூச்சி இன்னோர் உயிர், ஒன்று செத்து மற்றது பிறக்கிறது என்ற எண்ணம் பலமாக இருந்தது. ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த ஹார்வியே கூட்டுப்புழுவை இரண்டாவது முட்டை என்றுதான் 1651இல் எழுதினார்.

ஆறுகால்

"சிறகு உள்ளே வளர்கிறது" என்பதுதான் இந்தக் கூட்டத்தின் இன்னொரு பெயருக்கே காரணம். ஹோலோமெட்டபோலா என்றால் முழு உருமாற்றம். எண்டோடெரிகோட்டா என்றால் உட்சிறகிகள். இரண்டும் ஒரே கூட்டத்தைத்தான் சொல்கின்றன. வெட்டுக்கிளிக் குஞ்சைப் பிடித்து முதுகைப் பாருங்கள், சின்னஞ்சிறு சிறகு மொட்டு வெளியிலேயே தெரியும். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் அது பெரிதாகும். கம்பளிப்புழுவின் முதுகில் எதுவும் தெரியாது.

இன்று உயிரோடிருக்கும் முழு உருமாற்றப் பூச்சிகள் 11 வரிசைகள். பேர் வைத்த பூச்சி இனங்கள் ஏறத்தாழ 10 லட்சம் என்றால், அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த 11க்குள் அடங்கிவிடும். அதிலும் நாலு வரிசைதான் ராட்சதர்கள்: வண்டுகள், வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும், ஈயும் கொசுவும், பிறகு தேனீ, குளவி, எறும்பு. வண்டு மட்டுமே மூன்றரை லட்சம் இனங்களைத் தாண்டும். மற்றொரு பக்கம் ராஃபிடியோப்டெரா என்று ஒரு வரிசை, கழுத்து நீண்ட பூச்சிகள், மொத்தமே சுமார் 250 இனம்தான். வரிசை என்ற சொல்லை வைத்து அளவை ஊகிக்காதீர்கள்.

உங்கள் குழியானை நியூரோப்டெராவில். லின்னேயஸின் பெட்டியிலிருந்து தட்டானையும் மற்றதையும் வெளியே எடுத்த பிறகு உள்ளே மிஞ்சியது அது. பெட்டியின் பெயரும் அதற்கே போயிற்று.

மணல்குழி

குச்சி நட்டுவிட்டேன். நன்றி.

எனக்கு இன்னும் இலைப்பேன் பதில் வரவில்லை.

தோட்டக்காரன்

அச்சுப்பிழை இல்லைங்க. இலைப்பேன் மண்ணில் கூட்டுப்புழுவாகிறது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. செடிக்கடியில் மண்ணைச் சலித்து லென்ஸ் வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன். முதல் இரண்டு பருவம் இலையைச் சுரண்டித் தின்கிறது. பிறகு கீழே விழுகிறது. அடுத்த இரண்டு பருவம் தீனி கிடையாது, தொட்டால் லேசாக நகரும், அவ்வளவுதான். அதன் பிறகு சிறகோடு எழுந்து வருகிறது. இதற்குக் கூட்டுப்புழு என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பது? வெள்ளை ஈக்கும் அப்படித்தான், கடைசிப் பருவம் இலையில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும், உள்ளே சிவப்புக் கண் தெரியும். செதில் பூச்சியில் ஆணுக்கும் உண்டு.

நாலு பருவமும் இருக்கிறது. அப்புறம் ஏன் தள்ளி வைக்க வேண்டும்? வகைப்பாடு செய்கிறவர்களுக்கு மண்ணில் கை வைத்துப் பழக்கமில்லையோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

நுண்ணோக்கி

தோட்டக்காரரே, கோபம் நியாயம்தான், ஆனால் முடிவு சரியில்லை. இலைப்பேனின் அந்த அசையாப் பருவத்தில் சிறகு மொட்டு உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் லென்ஸில் பார்த்திருப்பீர்கள்.

தோட்டக்காரன்

பார்த்தேன். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு தின்னும் பருவங்களில் முதுகு மொழுமொழுவென்றுதான் இருக்கும், மொட்டே கிடையாது. அசையாப் பருவத்தில்தான் திடீரென்று வெளிவருகிறது. வண்டின் கூட்டுப்புழுவிலும் சிறகு மொட்டு வெளியே தெரியத்தானே செய்கிறது? ஆறுகால் சொன்ன "உட்சிறகி" இலக்கணத்தை அப்படியே போட்டால் இலைப்பேனும் உள்ளே வந்துவிடும். வெட்டுக்கிளி உதாரணம் இங்கே எடுபடாது.

ஆறுகால்

ஒப்புக்கொள்கிறேன், இந்த இடத்தில் என் பதில் ஓட்டையானது. வெட்டுக்கிளியைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தேன்.

சரியாகச் சொல்லப் பார்க்கிறேன். நாம் எல்லாரும் "நாலு பருவம் இருக்கிறதா" என்று கேட்டு உள்ளே விடுகிறோம், வெளியே தள்ளுகிறோம். இன்றைய வகைப்பாடு அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவையா என்பதுதான் அதன் கேள்வி. 11 வரிசைகளும் ஒரு மூதாதையின் வழிவந்தவை. கூட்டுப்புழு என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வரும் சொத்து. அந்தச் சொத்தைப் போலவே ஒன்றைத் தனியாகச் சம்பாதித்தவர்களும் உண்டு. இலைப்பேன், வெள்ளை ஈ, ஆண் செதில் பூச்சி மூன்றும் அந்த ரகம். இலைப்பேனின் நெருங்கிய சொந்தம் அசுவினி, மூட்டைப்பூச்சி போன்ற உறிஞ்சு பூச்சிகள். வண்டோடும் ஈயோடும் அதற்கு அவ்வளவு உறவு கிடையாது. வௌவாலுக்குச் சிறகு இருக்கிறது என்பதற்காகப் பறவையில் சேர்க்கிறோமா?

மறுபக்கமும் உண்டு. ஸ்ட்ரெப்சிப்டெரா என்ற வரிசை. குளவி, தேனீ, தத்துப்பூச்சி இவற்றின் வயிற்றுக்குள் ஒட்டுண்ணியாக வாழ்பவை. ஆணுக்குச் சிறகுண்டு, வெளியே வந்து சில மணி நேரம்தான் உயிரோடிருக்கும். பெரும்பாலான குடும்பங்களில் பெண்ணுக்குக் காலும் கிடையாது, கண்ணும் கிடையாது, சிறகும் கிடையாது. புழு வடிவிலேயே முதிர்ந்து, ஓம்புயிரின் வயிற்று வளையங்களுக்கு நடுவே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அங்கேயே வாழ்ந்து முடிக்கிறது. பட்டாம்பூச்சி மாதிரியான உருமாற்றத்தை அதனிடம் தேடினால் கிடைக்காது. ஆனால் அது முழு உருமாற்றக் குடும்பத்தின் அசல் வாரிசு.

ஆக, கூட்டுப்புழு வைத்திருக்கும் வெளியாளும் உண்டு, அதைத் துறந்த உள்ளாளும் உண்டு.

தோட்டக்காரன்

வௌவால் உதாரணம் ஏற்கிறேன். ஸ்ட்ரெப்சிப்டெரா எனக்குப் புதுசு. ஆனால் "தனியாகச் சம்பாதித்தது" என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?

நுண்ணோக்கி

மரபணு. 2014இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 1,478 மரபணுக்களை வைத்துப் பூச்சிகளின் வம்ச மரத்தை மறுபடி வரைந்தார்கள். அதில் இலைப்பேன் உறிஞ்சு பூச்சிகளின் பக்கம் போய் உட்கார்ந்தது. முழு உருமாற்றக் கூட்டம் மொத்தமும் ஒரே கிளை. அந்தக் கிளை தோன்றியது சுமார் 34.5 கோடி ஆண்டுகளுக்கு முன், கார்பனிபெரஸ் காலத்தில் என்பது அவர்கள் கணிப்பு.

கிளைக்குள்ளேயும் சில பேருக்கு அதிர்ச்சிதான். முதலில் பிரிந்து போனது குளவி, தேனீ, எறும்பு வரிசை. மற்ற பத்தும் ஒரு பக்கம், இது மட்டும் ஒரு பக்கம். தேனீயும் ஈயும் சொந்தக்காரர்கள் போலத் தோன்றினாலும், ஈக்கு அதைவிட வண்டு நெருக்கம், அந்துப்பூச்சி இன்னும் நெருக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தோட்டக்காரர் பக்கம் நியாயம் இருப்பதால். பிராட் என்று ஒரு மரபணு. கூட்டுப்புழுவாக மாறும் நேரத்தில் வண்ணத்துப்பூச்சி இனத்திலும் பழ ஈயிலும் விழித்துக்கொள்வது அதுதான். இலைப்பேனும் அசையாப் பருவத்துக்குள் நுழையும்போது அதே மரபணுவைத்தான் கிளப்புகிறது. கருவி இரண்டு வீட்டிலும் ஏற்கெனவே இருந்தது, ஒரே மாதிரி வேலைக்கு இரண்டு பேரும் எடுத்திருக்கிறார்கள். அதனால் நீங்கள் பார்த்த ஒற்றுமை வெறும் தோற்றமயக்கம் இல்லை.

தோட்டக்காரன்

அப்படிச் சொல்லுங்க!

புதுமுகம்_3

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கூட்டுக்குள் புழு முழுசாகக் கரைந்து கூழாகி, அந்தக் கூழிலிருந்து பட்டாம்பூச்சி புதிதாக உருவாகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்படியானால் புழுவும் பட்டாம்பூச்சியும் ஒரே உயிர் என்பதே கேள்விக்குறிதானே?

நுண்ணோக்கி

இந்தக் கூழ்க் கதையை எத்தனை முறை கொன்றாலும் எழுந்து வருகிறது. பாதி உண்மை என்பதால்தான் சாக மறுக்கிறது.

கரைவது உண்மை. புழுவின் தசைகளில் பெரும்பகுதி, குடலின் உட்சுவர், உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாம் சிதைந்து அந்தச் சத்து மறுபடி பயன்படுகிறது. கூட்டுப்புழுவை ஆரம்ப நாட்களில் குத்தினால் வெள்ளையாக வடிவதும் உண்மை. ஆனால் எல்லாமே கரைவதில்லை. 2013இல் ஒரு வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை உயிரோடு வைத்தே எக்ஸ்ரே முறையில் தினமும் படம் எடுத்தார்கள். முதல் நாளிலேயே மூச்சுக்குழல்கள் ஒழுங்கான அமைப்போடு உள்ளே இருந்தன. நரம்பு மண்டலமும் தொடர்கிறது. பல நரம்பணுக்கள் பழைய கிளைகளை உதறிப் புதுக் கிளை விடுகின்றன, அணு மட்டும் அதேதான்.

புதியவையும் சூனியத்திலிருந்து வருவதில்லை. பழ ஈயின் புழுவைப் பிளந்தால், சிறகுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று சின்னச் சின்ன மடிப்புத் தட்டுகள் கிடைக்கும். இமேஜினல் டிஸ்க் என்பார்கள். சிறகுத் தட்டு புழு பிறக்கும்போது சில பத்து உயிரணுக்கள்தான். புழு தின்னத் தின்ன அது உள்ளே பெருகிப் பல்லாயிரமாகிறது. ஸ்வாமர்டாம் பார்த்த மடிப்புகளும் இந்த வளர்ச்சியின் பிற்கட்டம்தான்.

ஒரே உயிர்தானா என்பதற்கு 2008இல் ஒரு சோதனை நடந்தது. புகையிலைக் கொம்புப்புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். கடைசிப் பருவத்தில் பழக்கிய புழுக்கள் அந்துப்பூச்சியான பிறகும் அந்த வாசனையைத் தவிர்த்தன. அதற்கு முந்தைய பருவங்களில் பழக்கியவற்றுக்கு அந்த நினைவு தங்கவில்லை. முழுக்கக் கூழானால் எதை வைத்து நினைவிருக்கும்?

சொல்லாய்வி

"கூட்டுப்புழு" என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அது புழுவும் இல்லை, பல நேரம் கூடும் இல்லை. பட்டுப்பூச்சிக்குக் கூடு உண்டு, உள்ளே கூட்டுப்புழு தனியாக இருக்கும். வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் கூடே கட்டாது. இலையடியில் தொங்குவது கூடல்ல, பூச்சியேதான், வெற்றுடம்போடு தொங்குகிறது. வீட்டு ஈ இன்னும் விசேஷம்: புழுவின் கடைசித் தோலையே உரித்துப் போடாமல் கெட்டியாக்கி, பழுப்பு நிறப் பேழையாக்கிக்கொண்டு அதற்குள் இருக்கும். மணல்குழியின் ஜாடியில் இருப்பது அசல் கூடு. நாங்கள் படித்த பாடநூலில் புழுவுக்குக் குடம்பி என்று சொல் இருந்தது. கம்பளிப்புழு, மண்புழு, நாடாப்புழு எல்லாம் "புழு" என்று கிடக்கிற இடத்தில் குடம்பி நல்ல சொல்.

கண்ணாடிச்சிறகு

புழு என்றதும் ஒன்று. செடியில் பச்சையாக நெளிவதெல்லாம் வண்ணத்துப்பூச்சி வரிசை இல்லை. ஒருமுறை ரோஜாச் செடியில் பிடித்த பதினைந்து புழுவை அந்துப்பூச்சி வரும் என்று ஆசையாய் வளர்த்தேன், வந்ததெல்லாம் இலைக்குளவி. ஏமாற்றம் என்றால் அப்படி ஒரு ஏமாற்றம். பிறகுதான் வயிற்றுக் கால்களை எண்ணப் பழகினேன். மார்பில் இருக்கும் மூன்று ஜோடி உண்மைக் காலை விட்டுவிடுங்கள். அதற்குப் பின்னால் சதைக்கால் ஐந்து ஜோடியோ குறைவோ இருந்தால் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் பக்கம். ஆறு ஜோடியோ அதற்கு மேலோ என்றால் இலைக்குளவி. லென்ஸ் இருந்தால் சதைக்காலின் அடியில் நுண்ணிய கொக்கி வளையம் தெரிகிறதா பாருங்கள், குளவிப் புழுவுக்கு அது கிடையாது. கண்ணும் காட்டிக்கொடுக்கும்: குளவிப் புழுவுக்குப் பக்கத்துக்கு ஒரே கரும்புள்ளி, கம்பளிப்புழுவுக்குப் பெரும்பாலும் ஆறு சின்னப் புள்ளி.

பழைய_ஏடு

தெள்ளுப்பூச்சியை யாரும் தொடவில்லையே. பேனும் தெள்ளும் இரண்டுமே சிறகில்லாதவை, இரண்டுமே ரத்தம் குடிப்பவை. லின்னேயஸ் ஒன்றாகப் போட்டதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஈரிலிருந்து வருவது சின்னப் பேன்தான், வளர வளரப் பெரிய பேன். தெள்ளின் முட்டையிலிருந்து வருவதோ காலில்லாத வெள்ளைப் புழு. தரைத் தூசியில் நெளிந்து தின்று, பட்டு நூற்றுக் கூடு கட்டும். உள்ளே முதிர்ந்த பிறகும் உடனே வெளிவராமல், ஏதாவது விலங்கு நடக்கும் அதிர்வோ உடற்சூடோ தெரியும்வரை காத்துக்கிடக்கும்.

அதற்கு இத்தனை காலம் சிஃபோனாப்டெரா என்று சொந்த வரிசை இருந்தது. 2020இல் வந்த ஓர் ஆய்வு, தெள்ளு தனி வரிசையே இல்லை, தேள்வால் பூச்சிகளான மெக்கோப்டெராவின் உள்ளே முளைத்த ஒரு கிளை என்கிறது. அதை ஏற்றால் ஆறுகால் சொன்ன 11, 10 ஆகிவிடும்.

ஆறுகால்

அதில் எனக்கு உடன்பாடில்லை. தெள்ளு மெக்கோப்டெராவுக்கு நெருக்கம் என்பதில் சண்டையில்லை. உள்ளேயா பக்கத்திலா என்பதில் எல்லா ஆய்வுகளும் ஒரே பதில் சொல்லவில்லை. பாதி பேர் புதுப் பெயர், பாதி பேர் பழைய பெயர் என்றால் தேடுகிறவனுக்குத்தான் தலைவலி. நான் 11 என்றே எழுதுவேன்.

பழைய_ஏடு

உறவுமுறைதான் அளவுகோல் என்று மேலே எழுதியவரும் நீங்கள்தானே ஐயா! இலைப்பேனுக்கு ஒரு நியாயம், தெள்ளுக்கு ஒரு நியாயமா?

ஆறுகால்

மாட்டிக்கொண்டேன். இருந்தாலும் 11தான்.

மணல்குழி

இருபத்தேழு நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று இரவு ஒன்பதரைக்கு மணல் அசைந்தது. டார்ச்சைச் சிவப்புத் தாளால் மூடிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வந்தது பூச்சி இல்லை, கூட்டுப்புழுவேதான். அதற்குத் தாடை இருக்கிறது! கூட்டைக் கடித்துத் துளைத்துப் பாதி உடலை வெளியே நீட்டிக்கொண்டது. பிறகு முதுகு பிளந்தது. வெளியே வந்தது நனைந்த துணி மாதிரி, சிறகு நகத்தளவுகூட இல்லை. குச்சியைத் தேடிப்பிடித்து ஏறித் தலைகீழாகத் தொங்கியது. அடுத்த முக்கால் மணி நேரத்தில் வயிறும் சிறகும் நீண்டுகொண்டே போயின. நுனி விரியும்போது கூடவே நரம்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

பின்பக்கமிருந்து ஒரு கெட்டியான சின்னக் கட்டியும் விழுந்தது. இதென்ன?

கண்ணாடிச்சிறகு

புழுவாக இருந்த காலம் முழுக்க அது போடாத எச்சம். குழியானைப் புழுவின் நடுக்குடல் பின்குடலோடு இணைந்திருக்காது, எல்லாம் உள்ளேயே சேர்ந்து கிடக்கும். கூடு கட்டிய பட்டு அந்தப் பின்வழியாகத்தான் வந்தது. கம்பளிப்புழு வாயால் நூற்கும், இது வாலால் நூற்கும்.

உணர்கொம்பைப் பார்த்தீர்களா?

மணல்குழி

பார்த்தேன். நீளமாக, நுனியில் தடித்து, கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்து. காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டேன், சுவரில் இரண்டு முறை மோதிவிட்டுத்தான் போனது. ஜாடியில் இன்னும் இரண்டு குழி இருக்கிறது.